கேமிங் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

சேலத்தில் ஐந்து ரோடு பக்கமோ புதிய பஸ் ஸ்டாண்டு பக்கமோ ஒரு கடையில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சொன்னால், கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்எஸ்டி என்று அரை நாள் பேச்சு ஓடும். பில் போடும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: "ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டுரலாங்களா?" கூட வந்த அப்பா "போட்டுருங்க" என்பார். பையன் "வேணாம்ப்பா, கேம் லேக் ஆகும்" என்பான். இரண்டு பேர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது என்பதை இரண்டு பேருமே கணக்கில் எடுப்பதில்லை.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. தனிக் காசு கிடையாது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்தே அது முழு அளவிலான ஆன்டிவைரஸ். ஆகவே புதிதாக ஒன்றை வாங்குவதென்றால், இருப்பதை எடுத்துவிட்டு இன்னொன்றை அந்த இடத்தில் வைக்கிறோம் என்று அர்த்தம். அதற்குக் காரணம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கேம் ஆடுபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்பது என் கருத்து. சிலருக்கு உண்டு. யாருக்கு என்று பார்ப்பதற்கு முன்னால், அது உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

உள்ளே நடப்பது

நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போதும், புதிய ஃபைல் ஒன்று டிஸ்க்கில் எழுதப்படும்போதும், விண்டோஸின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸின் டிரைவர் அதை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறது. முதலில், ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாத புது ஆசாமி என்றால், ஃபைலின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிக் கேட்கும். சில நொடிகளில் பதில் வரும். இரண்டையும் தாண்டி உள்ளே போனாலும், அந்த புரோகிராம் ஓடும்போது அதன் நடத்தையைக் கவனிக்கும். போட்டோக்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டத் தொடங்கினாலோ, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலில் கை வைத்தாலோ, அங்கேயே நிறுத்திவிடும்.

கேமிங்குக்கு இதில் முக்கியமான விஷயம், சோதனை எந்த நேரத்தில் நடக்கிறது என்பது. கோயம்புத்தூர் ரோட்டில் வைகுந்தம் டோல்கேட்டைத் தாண்டும்வரைதான் வண்டி மெதுவாகப் போகும். தாண்டிவிட்டால் டோல்கேட்டுக்கும் உங்கள் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆன்டிவைரஸும் ஏறக்குறைய அப்படித்தான். கேம் திறக்கும்போது, அப்டேட் இறங்கி ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களாக விரியும்போது, புது மேப் லோடு ஆகும்போது அதன் சுமை தெரியும். மேட்ச் நடுவே எல்லாம் ராமுக்கு வந்துவிட்ட பிறகு, கிராபிக்ஸ் கார்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஆன்டிவைரஸுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது.

அப்படியானால் "ஆன்டிவைரஸ் போட்டதும் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) போச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. வேறு சில இடங்களில் அடி விழுகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கில் கேம் இருந்தால், பின்னணியில் ஸ்கேன் ஓடும்போது டிஸ்க் இரண்டு பக்கமும் இழுபடும், ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். எஸ்எஸ்டி போட்டதும் இந்தப் புகாரில் பாதி போய்விடும். நாலு கோர் பழைய பிராசஸரில், கேமே எல்லா கோரையும் பிடித்திருக்கும்போது, ஸ்கேனும் வந்தால் நெரிசல்தான். சித்திரை மாதத்தில் மாடி அறையில், ஃபேனில் தூசி அடைத்த கேபினெட்டில் இது நடந்தால் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே ஆன்டிவைரஸை மாற்றுவதைவிட ஒரு பிரஷ் வாங்கி ஃபேனைத் துடைப்பது மலிவு.

இன்னொன்று, கூடுதல் சாமான்கள். காசு கொடுத்து வாங்கும் பேக்கேஜ்களில் விபிஎன், வெப் ஷீல்டு, டிஸ்க் கிளீனர், பாஸ்வேர்டு மேனேஜர் என்று ஏகப்பட்டது சேர்ந்து வரும். விபிஎன் என்பது நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் வசதி. அது ஆன் ஆகி இருந்தால் பிங், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், பெரும்பாலும் ஏறும். மொபைல் கேமை கம்ப்யூட்டரில் ஆட ப்ளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில ஆன்டிவைரஸ்கள் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும், பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைத் தாங்களும் பயன்படுத்தும். எமுலேட்டருக்கும் அதுவேதான் வேண்டும். இரண்டும் மோதினால் எமுலேட்டர் நத்தையாகிவிடும்.

விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லும் "கேம் மோட்" எந்த மாயமும் செய்வதில்லை. முழுத்திரையில் கேம் ஓடுகிறது என்று தெரிந்ததும் அறிவிப்புப் பெட்டிகளை அடக்கிவைக்கும், ஸ்கேனையும் அப்டேட்டையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் டிஃபெண்டரும் திட்டமிட்ட ஸ்கேனை வழக்கமாகக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதுதான் ஓட்டும். ஸ்கேனுக்கு பிராசஸரில் சராசரியாக 50 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பும் அதில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கேம் மோடுக்காக மட்டும் வருடாவருடம் காசு கட்ட வேண்டாம்.

கேமரைத் தேடி வரும் ஆபத்து

எந்த ஆன்டிவைரஸ் என்ற கேள்வியைவிட இது பெரியது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் மின்னஞ்சலில் வரும். கேமிங் கம்ப்யூட்டருக்கு அதை நாமே தேடிப் போய் டவுன்லோடு செய்கிறோம்.

முதல் இடம் கிராக் செய்த கேம்கள். 2021-ல் அவாஸ்ட் நிறுவனம் கிராக்கோனோஷ் என்ற ஒரு மால்வேரை (கெடுதல் செய்யும் புரோகிராமை) பற்றி விவரமாக வெளியிட்டது. ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5, என்பிஏ 2கே19 போன்ற கேம்களின் திருட்டுப் பிரதிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. உலகம் முழுக்க 2 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் நுழைந்து, அவற்றின் பிராசஸரை வைத்து மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தை அதன் முதலாளிக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. 20 லட்சம் டாலருக்கு மேல். அது நுழைந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. கம்ப்யூட்டரை சேஃப் மோடில் ரீஸ்டார்ட் ஆக வைத்து, அங்கே ஆன்டிவைரஸ்கள் செயல்படாத நேரம் பார்த்து டிஃபெண்டரை அழித்துவிடும். அப்புறம் மூலையில் பச்சை டிக் போட்ட ஒரு போலி செக்யூரிட்டி ஐகானை வைத்துவிட்டுப் போகும். ஆட்டம் லேக் ஆகும், ஃபேன் கத்தும், கரண்ட் பில் ஏறும். ஐகான் மட்டும் எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டு சரியில்லை என்று கடையோடு சண்டைக்குப் போவோம்.

இரண்டாவது, சீட் புரோகிராம்கள், அதாவது ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உதவுபவை. தானாகக் குறி வைக்கும் எய்ம்பாட், சுவருக்கு அப்பால் காட்டும் வால்ஹேக், இலவச ஸ்கின் (கேமில் ஆயுதம், உடைக்கான அலங்காரம்) என்று யூடியூப் வீடியோ ஒன்று இருக்கும். கீழே ஒரு லிங்க், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, கூடவே "ஃபைலைத் திறக்கும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று ஒரு வரி. ஜிப் ஃபைலுக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று யோசித்துப் பாருங்கள். டவுன்லோடு ஆகும்போது ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பதற்குத்தான். திறந்த பிறகு பிடித்துவிடும் என்பதால் அதையும் நம் கையாலேயே ஆஃப் செய்ய வைக்கிறார்கள். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும் ஆஃபில் இருந்தால் அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஃப்லைன் கேமில் உயிர், காசை மாற்றித்தரும் ட்ரெய்னர், கேமில் மாற்றம் செய்து சேர்க்கும் சில மோட் கருவிகள் போன்றவை கேமின் மெமரிக்குள் கை விடும். மால்வேரும் அதையேதான் செய்யும். அதனால் யோக்கியமான கருவியையும் ஆன்டிவைரஸ் தப்பாகப் பிடிப்பது உண்டு. "அது ஃபால்ஸ் பாசிட்டிவ் ப்ரோ, பயப்படாதே" என்று நண்பன் சொல்வது சில சமயம் உண்மையாகவே இருக்கும். ஆனால் மோசடிக்காரனும் அதே வாக்கியத்தைத்தான் சொல்வான். வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஃபைலை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ் இன்ஜின்கள் அதைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று ஒரே இடத்தில் காட்டும். ஒன்றிரண்டு மட்டும் பொதுவான ஒரு பெயரோடு சந்தேகப்பட்டால் யோசிக்க இடம் உண்டு. பாதிக்கு மேல் சிவப்பாக வந்து, அதில் "ஸ்டீலர்" என்ற சொல்லும் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, டெலீட்.

அந்த ஸ்டீலர்கள்தான் இப்போது கேமர்களுக்குப் பெரிய தலைவலி. அவை கம்ப்யூட்டரைக் கெடுப்பதில்லை, திரையில் ஒன்றும் காட்டுவதில்லை. பிரவுசரில் இருக்கும் பாஸ்வேர்டுகள், லாகின் குக்கீகள் (நீங்கள் லாகின் ஆனதை நினைவில் வைக்கும் தகவல்), கேமர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டின் டோக்கன், கேம் விற்கும் தளமான ஸ்டீமின் செஷன் எல்லாவற்றையும் நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ கையில் கிடைத்தவனுக்குப் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை; ஏற்கெனவே லாகின் ஆன நீங்களாகவே உள்ளே நுழைவான். நாலு வருடம் ஆடிச் சேர்த்த ஸ்கின்கள் ஒரே ராத்திரியில் போய்விடும்.

கிராக் தொடவே மாட்டேன் என்பவர்களுக்கும் முழு நிம்மதி கிடையாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட் தளங்களான கர்ஸ்ஃபோர்ஜிலும் புக்கிட்டிலும் ஃப்ராக்சரைசர் என்ற மால்வேர் பரவியது. மோட் எழுதுபவர்களின் அக்கவுன்ட்டுகளையே பிடித்து அதன் வழியாக உள்ளே வந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஸ்டீமிலேயே பைரேட்ஃபை என்ற இலவச கேம் மால்வேரோடு வந்து நீக்கப்பட்டது. அதை ஆடியவர்களுக்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அனுப்பிய செய்தியில், முழு ஸ்கேன் செய்யுங்கள், விண்டோஸை முழுதாக ஃபார்மேட் செய்வதையும் யோசியுங்கள் என்று இருந்தது. ஆகவே "நான் ஜாக்கிரதையான ஆள், எனக்கு ஆன்டிவைரஸே வேண்டாம்" என்பதும் செல்லாது.

சரி, எதை வைப்பது?

முதலில் இருப்பது ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்களில் இது ரொம்ப அவசியம். லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஆக்டிவேட் செய்ய ஒரு சின்ன புரோகிராம் ஓட்டுவார்கள். டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடும். அது பிடிக்காமல் இருக்க, டிஃபெண்டரை ஆஃப் செய்வார்கள். அல்லது விதிவிலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரை, ஏன், சி டிரைவையே சேர்த்துவிட்டுப் போவார்கள். நாளெல்லாம் பச்சை டிக் இருக்கும், சோதனை மட்டும் நடக்காது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸுக்குப் போனால் எல்லாம் அங்கேயே இருக்கும். ரியல்டைம் புரொடெக்‌ஷன், கிளவுட் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற விதிவிலக்குப் பட்டியலில் நீங்கள் சேர்க்காத எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் "இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அசல் லைசென்ஸோடு விண்டோஸை மறுபடி போடுவதுதான் வழி. ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய காசை இந்த லைசென்ஸில் போடச் சொல்வேன்.

லேப்டாப் என்றால் வேறு கதை. கூடவே ஏதாவது ஒரு ஆன்டிவைரஸின் ட்ரையல் வந்திருக்கும். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். கெடு முடிந்ததும் "புதுப்பியுங்கள்" என்று ரேங்க்டு மேட்ச் நடுவில் பெட்டி காட்டும். வேண்டாம் என்றால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே நேரத்தில் ரியல்டைமில் ஓட்டுவது கூடவே கூடாது. ஒன்று திறக்கும் ஃபைலை இன்னொன்று சோதிக்கப் போய், பாதுகாப்பும் அதிகமாகாது, வேகமும் போய்விடும். சந்தேகத்துக்கு இரண்டாம் கருத்து வேண்டுமானால், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போல, கூப்பிட்டால் மட்டும் வந்து ஸ்கேன் செய்துவிட்டுப் போகும் ஒன்று போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை யாருக்கு? ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் வீடு இருப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நெட் வரும், போகும். போன் ஹாட்ஸ்பாட்டில் காலம் ஓட்டுவார்கள். கேம்கள் நண்பர்களின் பென்டிரைவில் மலை ஏறும். டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பகுதி கிளவுடில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் நிறுவனம் நெட் இருக்கும்போதும் இல்லாதபோதும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாகச் சோதிக்கிறது. நெட் இல்லாத சோதனையில் டிஃபெண்டர் பல முறை மற்றவற்றைவிடப் பின்தங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்தச் சோதனையில் நன்றாக வந்த ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவது நியாயம். ஹாட்ஸ்பாட்டை விண்டோஸில் மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவைத்தால் அப்டேட்டுகள் டேட்டாவை மொத்தமாக விழுங்காது.

இன்னொரு வகை, ஒரே கம்ப்யூட்டரை வீடே பயன்படுத்தும் குடும்பம். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்பவர் வீடுகளில் பகலில் அதில் டேலியும் ஜிஎஸ்டியும், ராத்திரி பையனின் கேமும் ஓடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கிராக் வழியாகப் பரவுவதும் உண்டு. ஸ்டாப் அல்லது டிஜேவு என்று அழைக்கப்படும் வகை அப்படித்தான் பேர் வாங்கியது. அது வந்தால் பூட்டப்படுவது கேம் சேவ் மட்டுமல்ல, கணக்கு வழக்கு எல்லாமும். குழந்தைக் கட்டுப்பாடு, போன் வழி உதவி, பல கம்ப்யூட்டருக்கு ஒரே சந்தா போன்றவை இவர்களுக்கு உபயோகப்படும். சென்னையிலிருந்து வரும் கே7, புனேவின் குவிக் ஹீல் இரண்டும் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை. ஆனால் இந்த வீட்டுக்கு ஆன்டிவைரஸுக்கு முன்னால் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்க வேண்டும். வாரம் ஒரு முறை கணக்கைக் காப்பி எடுத்துவிட்டுக் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. "இலவசம்" என்பதற்கும் விலை உண்டு: பயனர்களின் பிரவுசிங் தகவல்களை விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் அவாஸ்டுக்கு 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காஸ்பர்ஸ்கி சோதனைகளில் நன்றாக வருவது. ஆனால் அது ரஷ்ய நிறுவனம் என்பதால் அமெரிக்கா 2024-ல் அங்கே விற்பனையைத் தடை செய்தது. இந்தியாவில் அந்தத் தடை கிடையாது, முடிவு உங்களுடையது.

சோதனை அறிக்கைகளைப் பார்க்கத் தெரிந்தால் கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண், மொத்தம் 18 என்று கொடுக்கிறது. இன்று முன்னணியில் இருப்பவை எல்லாமே 17, 18 என்று நெருக்கியடித்து நிற்கும். அதை வைத்துத் தேர்ந்தெடுப்பது கடினம். ஏவி-கம்பேரடிவ்ஸின் வேகச் சோதனை கூடுதலாக உதவும். ஆனால் அது அளப்பது ஃபைல் காப்பி, ஜிப், இன்ஸ்டால், டவுன்லோடு போன்ற வேலைகளை. எஃப்பிஎஸ் அதில் இல்லை. தப்பாகப் பிடித்தவை எத்தனை என்ற பட்டியலையும் பாருங்கள். மோட் போடுகிறவருக்கு அந்த எண் குறைவாக இருப்பதுதான் நிம்மதி.

சில அமைப்புகள்

கேம் ஃபோல்டரை விதிவிலக்கில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்டீமிலிருந்து இறங்கிய ஒரு குறிப்பிட்ட கேம் லோடு ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது, சேர்த்ததும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அந்த ஒரு கேமின் ஃபோல்டரை மட்டும் சேர்க்கலாம். வித்தியாசம் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், டெஸ்க்டாப், மோட் போடும் ஃபோல்டர் இவற்றைச் சேர்க்கவே கூடாது.

டிஃபெண்டரில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று உண்டு. ரான்சம்வேர் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரைத் தொடாமல் தடுக்கும். டேலி வீட்டுக்கு அருமையான வசதி. ஆனால் நிறைய கேம்கள் சேவ் ஃபைலை அதே டாகுமென்ட்ஸில்தான் வைக்கும். ஆன் செய்த மறுநாள் "சேவ் ஆகலையே" என்று வந்து நிற்பீர்கள். அந்த கேமின் எக்ஸிஇ ஃபைலை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு சில கம்ப்யூட்டர்களில் எஃப்பிஎஸ்ஸைக் கொஞ்சம் குறைக்கும். ஆடும்போது வேண்டுமானால் ஆஃப் செய்துவிட்டுப் பிறகு ஆன் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்டே 2022-ல் எழுதியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆஃப் செய்தது ஞாபகம் இருக்கும் அளவுக்கு ஆன் செய்வது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. கம்ப்யூட்டர் எழும்போதே நம்பத்தகுந்த புரோகிராம்களை மட்டும் விடும் செக்யூர் பூட்டைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 11-ல் வேலொரண்ட் கேம் அதுவும் டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்பும் இல்லாமல் ஓடாது.

இன்னும் விண்டோஸ் 10-ல் இருப்பவர்களுக்கு: 2025 அக்டோபர் 14-ஓடு அதன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸில் இருக்கும் ஓட்டைகளை ஆன்டிவைரஸ் அடைக்காது. அதற்கு நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 11-க்கு மாற வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்

தெரியாத ஒரு ஃபைலை ஓட்டிவிட்டீர்கள், அரை மணி நேரத்தில் ஸ்டீமிலிருந்து விசித்திரமான மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டு மாற்றுவதை அந்தக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள், போனில் செய்யுங்கள்: முதலில் மெயில், அப்புறம் ஸ்டீம், டிஸ்கார்டு. மாற்றும்போதே "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். திருடிய குக்கீ அப்போதுதான் செத்துப்போகும். அதே கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங் செய்திருந்தால் பேங்குக்குப் போன் போடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பிறகு கம்ப்யூட்டருக்கு வாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே அது ஓடுவதால், ஒளிந்திருப்பவை தப்பிப்பது கடினம். சுமார் 15 நிமிடம் எடுக்கும். ஸ்டீலர் என்று உறுதியானால் அதோடு விடாமல் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுங்கள். அதற்கான பென்டிரைவை நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாகத் தயார் செய்துகொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கிய கேம்களை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பல கேம்களின் சேவும் ஸ்டீம் கிளவுடில் இருக்கும்.